எட்டடிச் சமுதாயத் தொட்டி

மனித குலம் ஒற்றுமையாக வாழக் கற்றுக்கொண்டதே தண்ணீரின் ஓரத்தில்தான். ஆறுகளின் கரையில் நாகரிகங்கள் பிறந்தன. நீர் உள்ள இடத்தில் பகை நிலைப்பதில்லை. நீர் பிரிந்தவரைச் சேர்க்கும், சேர்ந்தவரைக் காக்கும்.

இதைச் சொன்னபோது தலைவர் குளியலறை வாசலில் காலி வாளியோடு நின்றிருந்தார். குழாயில் காற்று மட்டும் வந்துகொண்டிருந்தது. உள்ளே தலை நிறைய சோப்பு நுரையோடு அவருடைய தம்பி.

"அண்ணே, நாகரிகம் அது பாட்டுக்குப் பிறக்கட்டும். டிரம்ல தண்ணி இருந்தா ஒரு வாளி மொண்டு குடுங்க. கண்ணு எரியுது."

தலைவர் குடிநீர் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊருக்கே தண்ணீர் கொடுத்தவன் என்று சொல்லிக்கொள்வார். அது முழுப் பொய்யில்லை. தண்ணீரில் கலக்கிற குளோரின் மூட்டைகள் கிடங்கில் நனையாமல் இருக்கின்றனவா என்று பார்ப்பது அவருடைய வேலை, நனையாமல்தான் இருந்தன. ஓய்வுக்குப் பிறகு தெருவின் குடியிருப்போர் நலச் சங்கத்துக்குத் தலைவரானார். எதிர்த்து யாரும் நிற்கவில்லை. சங்கத்துக்காரர்கள் எல்லோருக்கும் நாற்காலி போடுமளவுக்குக் கூடம் அவர் வீட்டில்தான் இருந்தது.

கூடத்தில் பாதி தம்பிக்கு உரியது என்பதைச் சங்கம் மறந்துவிட்டிருந்தது. நீளமான கூடம். தெருப்பக்கம் ஒரு கதவு, கொல்லைப்பக்கம் ஒரு கதவு. வலப்பக்க அறைகளில் தலைவரும் மனைவியும். இடப்பக்க அறைகளில் தம்பியும் மனைவியும். எந்த அறையிலிருந்து எங்கே போவதானாலும் கூடத்தில் கால் வைத்துத்தான் ஆக வேண்டும். குளியலறை கொல்லையில் இருந்தது.

தம்பி தையல் மெஷின் பழுது பார்ப்பவர். அண்ணன் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தெருவுக்கே அவர் தம்பியாகிவிட்டார். தலை நரைத்த பிறகும், அவரைவிட இளையவர்கள் வந்து "தம்பி இருக்காரா?" என்று கேட்டார்கள். அவரும் இருக்கேன் என்றுதான் சொல்வார். அவருடைய மனைவியை வீட்டில் சின்னவள் என்பார்கள். பேக்கரியில் மாவு பிசைகிற வேலை. விடியுமுன் போய் மாலையில் திரும்புவாள். சங்கக் கூட்டமும் மாலையில்தான்.

"நான் ஒண்ணும் சொத்தப் பிரிக்கச் சொல்லலைங்க" என்றாள் கணவனிடம். "எனக்கு ஒரு வாசல் வேணும், அவ்வளவுதான். தலையெல்லாம் மாவோட வரேன். கூடம் பூரா ஆம்பளைங்க. தெருவிளக்கப் பத்திப் பேசிக்கிட்டு இருக்காங்க. என்னப் பாத்ததும் பேச்சு நிக்குது. குளிக்கப் போகணும்னா அத்தன முழங்காலும் ஒதுங்கணும். குளிச்சிட்டு வரும்போது மறுபடி ஒதுங்கணும். நேத்து ஒருத்தர் எழுந்து நின்னு வணக்கம் சொல்றார்."

"மரியாதைதானே."

"தலையில ஈரத்துண்டோட நிக்கறவளுக்கு என்னங்க மரியாதை?"

தம்பி கையிலிருந்த ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாளே மேஸ்திரியைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். இத்தனை வேகமாக அவர் எதையும் செய்ததில்லை. மேஸ்திரி தெருச்சுவரிலிருந்து கொல்லைச்சுவர் வரை கயிறு பிடித்து, கூடத்தின் நடுவே தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டுப் போனார். ஆளுக்குப் பாதிக் கூடம், ஆளுக்கு ஒரு தெருவாசல், ஆளுக்கு ஒரு கொல்லைக் கதவு.

தலைவர் வெளியே போயிருந்தவர் திரும்பி வந்தார்.

"என்னடா கோடு இது?"

"சுவருண்ணே."

"எங்க சுவர்?"

"இனிமேதான்."

தலைவர் கோபப்படவில்லை. செருப்பைக் கழற்றினார், மறுபடி மாட்டினார். "நல்லா யோசிச்சு ஒரு முடிவுக்கு வருவோம்" என்றார். ஒரு காரியம் நடக்கவே கூடாது என்றால் சங்கத்தில் அவர் சொல்கிற வாக்கியம் அது. சொல்லிவிட்டு, மனசு ஆற நடக்கலாம் என்று கடைத்தெருவுக்குப் போனார்.

அங்கேதான் வண்ணமீன் கடை. கடைக்காரர் தன் கடையில் இருந்த எல்லாவற்றையும், மீன் பிடிக்கிற வலை உட்பட, இம்போர்ட்டட் என்பார். அதனால் அவருக்கே அந்தப் பெயர் வந்துவிட்டது. கடை நடுவே ஒரு பெரிய தொட்டி. உள்ளே உள்ளங்கையைவிடப் பெரிய மீன்கள், கரிக்கும் நெருப்புக்கும் பிறந்தவை மாதிரி, நெற்றியைத் தூக்கிக்கொண்டு நீந்தின.

"இவ்வளவு பெரிய மீனுங்க ஒரே தொட்டியில இருந்தா அடிச்சுக்காதா?" என்று கேட்டார் தலைவர்.

"அடிச்சுக்குமா? இது கம்யூனிட்டி டேங்க் சார். தென் அமெரிக்கா சிக்லிட். அத்தனையும் ஒண்ணா, ஒத்துமையா இருக்கும். இம்போர்ட்டட்" என்றார் இம்போர்ட்டட். ஒரு மீனுக்குப் பாதி வால் இல்லை. அவர் இரண்டடி நகர்ந்து அதை மறைத்து நின்றுகொண்டார்.

"தண்ணி ஊத்தினப்பறம் நகத்த முடியுமா?"

"நகத்தறதா? ஒன்றரை டன் சார்! யானையக்கூட ரெண்டு தட்டுத் தட்டினா நகரும்."

தலைவரின் முகம் தெளிந்தது. கம்யூனிட்டி டேங்க் என்பதைச் சமுதாயத் தொட்டி என்று அங்கேயே தமிழாக்கி, எட்டடி நீளத்தில் ஒன்று வேண்டும் என்றார்.

*

தொட்டி எங்கே வரும் என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. வெல்டர் கொண்டுவந்து இறக்கிய இரும்பு ஸ்டாண்டை, தலைவர் சுண்ணாம்புக் கோட்டின்மேல் நிறுத்தச் சொன்னார். "கோடு நேரா இருக்குல்ல, மட்டம் பாக்க வசதி" என்றார்.

கண்ணாடியைத் தனித்தனிப் பலகையாகக் கொண்டுவந்து கூடத்திலேயே ஒட்டினார்கள். ஒட்டிய தொட்டி வாசலில் நுழையாது. ஸ்டாண்டின்மேல் ஒட்டுப்பலகை, அதன்மேல் தெர்மாகோல், அதன்மேல் கண்ணாடி. மட்டம் ஒரு நூல் தவறினாலும் ஒரு மூலையில் பாரம் ஏறி விரிசல் விட்டுவிடும் என்று இம்போர்ட்டட் ரசமட்டத்தை நாலு பக்கமும் வைத்துப் பார்த்தார். தலைவர் குனிந்து தானும் பார்த்தார். குமிழி நடுவில் நின்றதைத் தன் நிர்வாகத்துக்குக் கிடைத்த சான்றிதழாக எடுத்துக்கொண்டார். ஒட்டின பசை காயும்வரை வீடு முழுக்கப் புளித்த காடி வாசனை. சோறும் அப்படியே மணந்தது.

ஆற்று மணல் சாக்குச் சாக்காக வந்தது. கொல்லையில் இரண்டு பெண்களும் முழங்கால்வரை புடவையைச் சொருகிக்கொண்டு, வாளி வாளியாக அலசினார்கள். கலங்கல் நிற்கிறவரை அலச வேண்டும். அது நிற்கவில்லை.

"அக்கா, இந்த மணல அலசற தண்ணிக்கு நாலு வீட்டுத் துணிய அலசியிருக்கலாம்."

"துணிய யாரு அலசுவா? அதுவும் நாமதான்" என்றாள் பெரியவள், தலைவரின் மனைவி.

மரக்கட்டைகள் அடுத்து வந்தன. ஆற்றில் கிடந்து ஊறிய வேர்க்கட்டைகள். அவற்றை வேகவைத்துத்தான் தொட்டியில் போட வேண்டுமாம். அதற்கேற்ற பாத்திரம் வீட்டில் ஒன்றுதான் இருந்தது, பெரியவளின் பெரிய அண்டா. அவள் கடைக்குப் போயிருந்த நேரத்தில் தலைவர் அதை எடுத்துக் கொல்லை அடுப்பில் ஏற்றிவிட்டார். திரும்பி வந்தவள் மூடியைத் தூக்கிப் பார்த்தாள். உள்ளே கறுப்புத் தண்ணீரில் ஒரு மரம் கொதித்துக்கொண்டிருந்தது.

"யாருக்கு இது? ராத்திரிச் சாப்பாட்டுக்கா?"

"மீனுக்கு இருப்பிடம்" என்றார் தலைவர்.

"இனிமே இந்த அண்டாவுல நான் சோறு வடிச்சா, அதையும் மீனே தின்னட்டும்."

எத்தனை வேகவைத்தும் கட்டை தொட்டித் தண்ணீரை டீத்தண்ணீர் நிறத்துக்குக் கொண்டுவந்துவிட்டது. தலைவரால் அதைத் தாங்க முடியவில்லை. "ஊருக்கே தெளிவான தண்ணி குடுத்தவன் வீட்டுல கலங்கலா?" என்றார். அதுதான் சார் அவங்க ஆத்துத் தண்ணி நிறம் என்று சொல்லிப் பார்த்தார் இம்போர்ட்டட். பிறகு ஒரு சின்னப் பாட்டிலை எடுத்து, தண்ணீரில் விட வேண்டும் என்றார்.

"என்ன அது?"

"ஆன்டி குளோரின் சார். குழாத்தண்ணியில இருக்கற குளோரின எடுத்துடும்."

தலைவர் பாட்டிலை வாங்கி வெகுநேரம் பார்த்தார். தான் உயிரோடு இருக்கும்போதே தன் வாழ்க்கையை ரத்து செய்கிற மருந்து கடையில் விற்கிறது என்பது அவருக்குப் புதுச் செய்தி.

வடிகட்டி தொட்டிக்கு அடியில், ஸ்டாண்டின் அலமாரிக்குள் இருந்தது. பஞ்சு, பீங்கான் வளையம், பம்ப். அலமாரிக் கதவும், சுவிட்சுகளும், தீனி போடத் திறக்கிற மூடியும் எந்தப் பக்கம் இருக்கட்டும் என்று இம்போர்ட்டட் கேட்டார். சங்கத்தார் உட்காருகிற பக்கம் பார்வைக்குச் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதால் எல்லாம் தம்பியின் பக்கம் போயிற்று.

"இனிமே மீன் ஒரு மாசம் கழிச்சு" என்றார் இம்போர்ட்டட். "காலித் தொட்டிய ஓட்டணும். கொஞ்சம் தீனி போட்டு அழுக விடணும். அப்பதான் தண்ணி பழகும்."

"அடுத்த ஞாயித்துக்கிழமை திறப்பு விழா. சொல்லியாச்சு."

"அப்படின்னா குட்டியா நாலு விடலாம். ஒண்ணாவே வளந்தா சண்ட வராது."

"குட்டிங்க ஒத்துமையா இருந்து என்னய்யா பிரயோஜனம்? பெருசுங்க ஒத்துமையா இருந்தாத்தான் செய்தி."

இம்போர்ட்டட் ஒரு நொடி யோசித்தார். கடையில் பெரிய மீன்கள் நெடுநாளாக விற்காமல் தீனி தின்றுகொண்டிருந்தன. "நீங்க சொன்னா சரிதான் சார்" என்றார்.

*

திறப்பு விழாவுக்குச் சங்கம் முழுக்க வந்திருந்தது. தொட்டிக்குக் குறுக்கே சிவப்பு ரிப்பன். உள்ளே இரண்டு ஆஸ்கார், இரண்டு செவரம், மணலை வாயில் அள்ளிச் செவுள் வழியே சலித்துத் துப்புகிற ஒரு சின்னக் கூட்டம், பிறகு கிரீன் டெரர் என்று ஒன்று.

"டெரர்னா பயங்கரம்ல?" என்று கேட்டாள் சின்னவள். "ஒத்துமைக்கு வேற ஆளே கிடைக்கலையா மாமா?"

"பேர வச்சு யாரையும் எடை போடக் கூடாது" என்றார் தலைவர்.

அவர் பேச ஆரம்பித்தார். நாகரிகங்கள் ஆற்றங்கரையை நெருங்கிய சமயத்தில் பெரிய ஆஸ்கார் மெல்லச் சாய்ந்து மணலில் ஒருக்களித்துப் படுத்துவிட்டது. ஒரு கண் மேலே பார்த்தது. வாய் அசையவில்லை. முன்வரிசை ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. பேச்சு தொடர்ந்தது. சங்கச் செயலாளர் தம்பியின் பக்கம் சாய்ந்து, தாழ்ந்த குரலில் கேட்டார்:

"எப்ப ஆச்சு?"

"இப்பதான்னு நினைக்கறேன்" என்றார் தம்பி.

"காலையில நல்லா இருந்துச்சா?"

"நல்லாத்தான் இருந்துச்சு. தீனி மட்டும் எடுக்கல."

"ஹூம். நம்ம கையில என்ன இருக்கு."

பின்வரிசையில் ஒருவர் எழுந்து கைகட்டி நின்றார். இம்போர்ட்டட் இரண்டு கையையும் ஆட்டி, "சாகல சார், சாகல! கோவிச்சுக்கிட்டுப் படுத்திருக்கு. ஆஸ்காருக்கு இடம் மாத்தினா பிடிக்காது, இப்படித்தான் படுத்துக்கும்" என்றார். யாரும் நம்பவில்லை. ஆறுதல் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டார்கள். தலைவர் அவசரமாக ரிப்பனை வெட்டினார். வெட்டின முனை திறந்திருந்த மூடிக்குள் விழுந்தது. ஆஸ்கார் எழுந்து வந்து அதை விழுங்கத் தொடங்கியது. இம்போர்ட்டட் சட்டைக் கையோடு தொட்டிக்குள் தோள்வரை விட்டு, மீதி ரிப்பனை வெளியே இழுத்தார். கைதட்டல் அதற்குத்தான் கிடைத்தது.

அன்றைக்கு மேஸ்திரியும் தெருவோடு வந்து எட்டிப் பார்த்தார். தன் கோட்டின்மேல் தொட்டி நிற்பதைப் பார்த்துவிட்டு, தம்பியிடம் ஒன்றும் கேட்காமல் போனார்.

பத்து நாள் போவதற்குள் தண்ணீர் பால் கலந்த மாதிரி ஆயிற்று. தலைவருக்கு இது தெரிந்த துறை. ஒருநாள் தம்பியும் சின்னவளும் வேலைக்குப் போன பிறகு தம்பி பக்கம் போய் அலமாரியைத் திறந்தார். வடிகட்டிப் பஞ்சு பழுப்பேறி, வழவழவென்று இருந்தது. அவருக்கு உடம்பு கூசியது. அத்தனை பஞ்சையும் வளையங்களையும் எடுத்து, குளோரின் கலந்த தண்ணீரில் ஊறப்போட்டு, கசக்கிப் பிழிந்து, கொல்லையில் துணி காயப்போடுகிற கொடியில் கிளிப் போட்டு மாட்டினார். காய்ந்ததும் திரும்ப வைத்தார். மறுநாள் காலை மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்து காற்றைக் குடித்துக்கொண்டிருந்தன.

இம்போர்ட்டட் ஓடி வந்தார். அலமாரியைத் திறந்தார்.

"யாரு சார் இதத் துவைச்சது?"

"நான்தான். எப்படி இருக்கு பாருங்க, வெள்ளை வெளேர்னு."

"அய்யோ! அந்த அழுக்குலதான் சார் நல்ல கிருமி இருக்கும். மீன் கழிவ அதுதான் தின்னு தீர்க்கும். அது இல்லாட்டி தண்ணி வெஷம்."

"கிருமியில நல்ல கிருமியா? என் சர்வீஸ்ல ஒரு நல்ல கிருமியக்கூட நான் பாத்ததில்ல."

"நான் மொதல்லயே ஒரு மாசம் பொறுங்கன்னு சொன்னேன் சார்."

"சொன்னீங்க" என்றாள் சின்னவள், அன்று பேக்கரிக்குப் போகாமல் நின்றுவிட்டவள். "சொல்லிட்டு மீனையும் நீங்கதானே பையில போட்டுக் குடுத்தீங்க?"

இம்போர்ட்டட் பம்பைப் பார்ப்பதில் மும்முரமானார். அன்று மத்தியானம் ஒரு செவரம் செத்தது. தம்பி அதை ஒரு முறத்தில் எடுத்துக்கொண்டுபோய்க் கொல்லையில் புதைத்தார். தலைவர் அறைக்குள்ளேயே இருந்தார்.

*

பிழைத்தவற்றைக் காப்பாற்ற ஒரே வழி, தினமும் தொட்டித் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிட்டு, டிரம்மில் பிடித்துவைத்த பழைய தண்ணீரை ஊற்றுவது. நாலு பேரும் வாளி தூக்கினார்கள். தம்பி குழாய் வைத்து உறிஞ்சி இறக்குவார், தலைவர் வாளியை நகர்த்துவார், பெண்கள் கொல்லைக்கும் கூடத்துக்கும் நடப்பார்கள். கூடம் முழுக்க ஈரம். சங்கக் கூட்டத்தைச் செயலாளர் ஒத்திவைத்தார். நாலு பேரும் சேர்ந்து இத்தனை நேரம் ஒரு வேலை செய்தது அந்த வீட்டில் இதுதான் முதல் தடவை. தலைவருக்கு இடுப்பு வலித்தது, ஆனால் முகத்தில் ஒரு திருப்தி. சுவர் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

கூடத்தில் எடுக்கவில்லை. கொல்லையில், டிரம் பக்கத்தில் நின்று பெரியவள் கேட்டாள்:

"ஏண்டி, மேஸ்திரி எப்ப வரேன்னார்?"

சின்னவள் வாளியைக் கீழே வைத்தாள். "அக்கா, நீங்க கோவமா இருப்பீங்கன்னுல்ல நினைச்சேன்."

"எனக்கென்னடி கோவம்? நீயாவது துண்டோட நடந்து போயிடறே. நான் அத்தன பேருக்கும் டீ போட்டு, கப்பு கழுவி, போன கூட்டத்துல பேசினதையே இந்தக் கூட்டத்துலயும் கேக்கணும். பாதிக் கூடம்னா எத்தன நாற்காலி போடலாம்னு நினைக்கறே?"

"அஞ்சு?"

"ஸ்டூல் போட்டா ஆறு. ஸ்டூல ஒளிச்சு வச்சுக்கலாம்."

இருவரும் சிரித்தார்கள். சின்னவள் மறுபடி வாளியை எடுத்தாள்.

"நாம ரெண்டு பேரும் இத்தன வருஷத்துல முகம் கோணினதில்லையேக்கா. சுவர் வந்தா ஊரு என்ன சொல்லும்?"

"முகம் கோணறதுக்கு முன்னாடி போட்டாத்தாண்டி சுவர். அப்பறம் போட்டா அது வேற."

அன்று தலைவர் ஸ்டூலில் ஏறி, தொட்டியின் உள்கண்ணாடியில் படிந்த பாசியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். பெரியவள் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வேறு யாரும் இல்லை.

"எத்தன நாளைக்கு இதப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும்?" என்றாள். "அவ கேக்கறதுல என்ன தப்பு? ஒரு வாசல்."

தலைவர் சுரண்டுவதை நிறுத்தவில்லை. "அவனுக்குச் சின்ன வயசுல இழுப்பு வரும், தெரியும்ல."

"தெரியும்."

"இப்பவும் ராத்திரி ரெண்டு தடவ இருமுவான். அது கேட்டாத்தான் எனக்குத் தூக்கம் வரும். சுவர் வந்தா கேக்காது."

பெரியவள் ஸ்டூலை இன்னொரு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"இத அவங்ககிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"ஒரு தலைவரா இருந்துக்கிட்டு இதப் போய் எப்படிச் சொல்றது?"

"தென் அமெரிக்காவுலேருந்து மீன் வரவழைக்கறதவிட இது சுலபமா இருந்திருக்கும்" என்றாள் அவள். ஸ்டூலை விடவில்லை.

*

தண்ணீர் தெளிந்தது. டீ நிறத்தில்தான், ஆனால் தெளிவு. மூடி தன் பக்கம் இருந்ததால் தீனி போடுகிற வேலை சின்னவளுக்கு வந்துவிட்டது. அவள் வேலைவிட்டு வருகிற நேரம் மீன்களுக்குத் தெரிந்துபோயிற்று. ஆண்டு மலருக்குத் தொட்டியின் முன்னால் சங்கத்தைப் படம் எடுப்பது என்று தலைவர் தீர்மானித்தார். ஒற்றுமை பற்றி அதில் ஒரு கட்டுரையும் வரும்.

அந்த வாரம் ஆஸ்கார்கள் இரண்டும் ஜோடி சேர்ந்தன. தட்டையான கல் ஒன்றை வாயால் துடைத்துத் துடைத்துச் சுத்தம் செய்தன. ஞாயிற்றுக்கிழமை காலை அதன்மேல் ஜவ்வரிசி தூவின மாதிரி முட்டைகள். வீடே கூடி நின்று பார்த்தது. தலைவருக்குப் பெருமை பிடிபடவில்லை. "நம்ம வீட்டுத் தண்ணி" என்றார்.

சாயங்காலத்துக்குள் தொட்டியில் பாதி ஆஸ்கார்களுடையதாகிவிட்டது. மறுநாள் முக்கால். மற்றவை எல்லாம் பம்ப் தண்ணீர் விழுகிற மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒதுங்கி நின்றன. கிரீன் டெரர், பெயருக்கு மாறாக, கட்டைக்கு அடியில் தலையை நுழைத்துக்கொண்டிருந்தது. மிச்சமிருந்த செவரத்துக்கு ஒரு பக்கச் செதில் உதிர்ந்து வெள்ளைத் திட்டு தெரிந்தது. அது எங்கே நகர்ந்தாலும் பெரிய ஆஸ்கார் பாய்ந்து வந்தது. ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் கண்ணாடி டொம் என்றது.

இம்போர்ட்டட் வந்து பார்த்தார்.

"முட்ட போட்டா இப்படித்தான் சார். அதுங்க வீடு அதுங்களுக்கு. செவரம் இன்னிக்குப் பொழுத ஓட்டாது."

"என்ன செய்யலாம்?"

"நீங்கதான் சொல்லணும்."

தலைவர் குனிந்து பார்த்தார். செவரம் வாயை மூடித் திறந்துகொண்டு, மூலையில் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு நின்றது. ஒன்றைச் சாகக் கொடுத்திருந்தார். இன்னொன்றுக்கு முறம் எடுக்க அவருக்கு மனமில்லை.

"நடுவுல ஒரு தடுப்பு போடுங்க" என்றார்.

இம்போர்ட்டட்டுக்கு ஒன்றும் தெரியாது. அவர் டேப்பை எடுத்து அளக்கத் தொடங்கினார். மற்ற மூன்று பேரும் மீனைப் பார்த்தார்கள்.

தம்பிதான் முதலில் பேசினார். கிண்டல் செய்யத் தெரியாதவர். உண்மையாகவே சந்தேகம் கேட்டார்.

"தடுப்புன்னா... சமுதாயத் தொட்டின்னு வெளிய பலகையெல்லாம் மாட்டியிருக்கோமே அண்ணே?"

"இது பிரிவினை இல்லடா. சண்ட வந்து ஒண்ண ஒண்ணு கொல்றதுக்கு முன்னாடி, ஆளுக்கு ஒரு இடம். அவ்வளவுதான். தண்ணி ஒண்ணுதானே? தடுப்புல ஓட்ட இருக்கும். தண்ணி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போகும் வரும்."

"அதத்தான் மாமா நானும் சொன்னேன்" என்றாள் சின்னவள். குரலை உயர்த்தவில்லை.

தலைவர் அவளைப் பார்த்தார். தலைமயிரில் மாவு. வேலையிலிருந்து வந்து இன்னும் குளிக்கவில்லை. பிறகு மனைவியைப் பார்த்தார். பெரியவள் புடவைத் தலைப்பால் கண்ணாடியில் இல்லாத ஒரு கறையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

இம்போர்ட்டட் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பலகையை அறுத்துக்கொண்டு வந்து இறக்கினார். தம்பி ஒரு முனையைப் பிடித்தார், தலைவர் இன்னொரு முனையைப் பிடித்தார். பலகை மணலில் இறங்கி நின்றது. செவரம் கொஞ்ச நேரம் நம்பாமல் மூலையிலேயே நின்றுவிட்டு, பிறகு மெல்லத் தன் பாதியின் நடுவுக்கு வந்து நீந்தியது.

"மேஸ்திரிக்கு எப்ப வசதின்னு கேட்டியாடா?" என்றார் தலைவர், கையைத் துடைத்துக்கொண்டே. தெருவிளக்கைப் பற்றிக் கேட்கிற குரலில்தான் கேட்டார்.

"கேக்கலண்ணே."

"கேளு. மழைக்கு முன்னாடி முடிச்சுடணும்."

தம்பி பதில் சொல்ல வாயைத் திறந்தார், இருமல் வந்துவிட்டது. தலைவர் அது அடங்கும்வரை காத்திருந்துவிட்டு உள்ளே போனார்.

*

மேஸ்திரி வந்து தொட்டியைச் சுற்றி ஒரு தரம் நடந்தார்.

"இத எடுக்கணுமே."

"எடுத்தா முட்ட போச்சு, மீனும் போச்சு" என்றார் இம்போர்ட்டட்.

"எடுக்க வேணாம்" என்றார் தலைவர். "சுவர் தொட்டிகிட்ட வந்ததும் நிக்கட்டும். அந்தப் பக்கம் மறுபடி ஆரம்பிக்கட்டும். மேல தூக்கிக் கட்டிடுங்க."

"பாத்தா ஜன்னல் மாதிரி இருக்கும்."

"அதுதான் திட்டமே" என்றார் தலைவர். அந்த நொடிவரை அப்படி ஒரு திட்டம் இல்லை. மாலைக்குள் அது அவருடைய நெடுநாள் கனவாகி, செயலாளருக்கு விளக்கப்பட்டது: இரண்டு இல்லங்களுக்கு நடுவே ஓர் உயிருள்ள ஜன்னல்.

செங்கல் வந்தது, மணல் வந்தது. சிமெண்ட் தூசி தண்ணீரில் விழாமல் தொட்டியைப் பழைய போர்வைகளால் மூடிவைத்தார்கள். இரண்டாவது தெருவாசலுக்குச் சுவரை உடைத்தபோது கூடத்தில் முன்பில்லாத வெளிச்சம் வந்தது. சின்னவள் தன் புதுக் கதவைத் தானே பெயிண்ட் அடித்தாள். முதல் நாள் மாலை வேலைவிட்டு வந்து, கதவைத் திறந்து, யாருடைய முழங்காலும் ஒதுங்காமல் நேரே கொல்லைக்குப் போய்க் குளித்துவிட்டு வந்தாள். தலை துவட்டிக்கொண்டு கூடத்தின் நடுவே கொஞ்ச நேரம் சும்மா நின்றாள்.

சங்கக் கூட்டம் இப்போதும் தலைவர் வீட்டில்தான். நாற்காலி ஐந்து. ஸ்டூலைக் காணோம். கூட்டம் சீக்கிரம் முடிந்துவிடுகிறது.

மேஸ்திரி கடைசி வரிச் செங்கல் வைத்த அன்று ஆஸ்கார்கள் தங்கள் முட்டைகளைத் தாங்களே தின்றுவிட்டன. முதல் தடவை போடுகிற ஜோடி அப்படித்தான் செய்யும் என்றார் இம்போர்ட்டட். அதன்பிறகு அவற்றுக்கு யாரோடும் சண்டையில்லை. பிளாஸ்டிக் பலகையை எடுத்துவிட்டார்கள். இப்போது எல்லா மீனும் ஒன்றாகத்தான் திரிகின்றன. ஆண்டு மலரில் படமும் வந்தது. தீனி தம்பி பக்கமிருந்து வருவதால் மீன்கள் அந்தப் பக்கமே முகம் காட்டி நிற்கின்றன. படத்தில் சங்கத்தாருக்குப் பின்னால் தெரிபவை வால்கள்.

தொட்டியைத் தன் கையால் பராமரிக்க வேண்டும் என்று தலைவர் பிடிவாதமாக இருக்கிறார். மூடி அந்தப் பக்கம். அதனால் தினமும் காலையில் சட்டை போட்டு, செருப்பு மாட்டி, தெருவில் இறங்கி, தம்பி வீட்டு மணியை அடித்துவிட்டு நிற்கிறார். இரண்டு வாசலும் ஒட்டினாற்போல இருக்கின்றன. தெருவில் போகிறவர்கள் எங்கே கிளம்பிட்டீங்க என்று கேட்டால், நடைப்பயிற்சி என்கிறார்.